மதிய இடைவேளையில் ஒரு வருடம்

செல்வின் சொன்ன நேரத்துக்கு இந்த உலகத்தில் எதுவும் நடந்ததில்லை. தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் லாரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவன் வேலை. விடிந்ததும் வரவேண்டிய லாரி வெயில் ஏறிய பிறகு வரும். டிரைவரைக் கேட்டால் வழியில் டீ குடித்ததாகச் சொல்வார். எந்த ஊரில் போய்க் குடித்தீர் என்று திருப்பிக் கேட்கச் செல்வினுக்குத் தைரியம் கிடையாது. சர்ச்சில் அவன் ஒருமுறை பாட்டுப் பயிற்சிக்கு நேரம் வைத்தபோது அவனும் கீபோர்டும் மட்டும் ஆஜர். அவன் கல்யாணத்துக்கே சபைப் போதகரான ஐயர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை மணப்பெண் பியூலா பொறுமையாக நின்றாள் என்பதை வைத்து, இவள் நம்மைத் தாங்குவாள் என்று அவன் அன்றைக்கே முடிவு செய்துகொண்டான்.

அப்படிப்பட்டவனுக்கும் சொன்ன நொடியில் சொன்னது நடக்கிற இடம் ஒன்று இருந்தது. அது அவன் வீட்டில், வாஷிங் மெஷினுக்கு மேலே, ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தது.

எப்போதோ ஒரு கம்பெனி நடத்தி, லாபமில்லை என்று மூடிவிட்ட ஆன்லைன் விளையாட்டு அது. அப்படி மூடியவற்றை ஆசை விடாத ஆட்கள் சொந்த சர்வர் வைத்து வீட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வின் பலகையில் இருந்த தன் சர்வர் பெட்டிக்குக் ‘கொற்கை’ என்று பெயர் வைத்திருந்தான். ஒரு துறைமுக ஊர், முத்துக் கடல், கடைத்தெரு, கலங்கரை விளக்கம். விளையாட்டுக்கென்றே உள்ள ஒரு மின்பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்தால் அங்கே போய் நிற்கலாம். உப்புக் காற்று முகத்தில் அடிக்கும், கால் மணலில் புதையும். வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மட்டும் கொற்கைக் கடல் தாறுமாறாகப் பொங்கும். ஆட வருகிறவர்கள் அதை அருமையான கற்பனை என்று பாராட்டினார்கள். செல்வின் அடக்கமாகத் தலையசைத்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான்.

கொற்கையின் விழாக்களுக்கு நேரம் குறிப்பதுதான் அவனுடைய பேரின்பம். சுறா வேட்டை, கப்பல் பந்தயம், புயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எப்போது தொடங்கும், எப்போது முடியும், வெளியுலகக் கணக்கில் அது எவ்வளவு நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். சுறா டீ குடிக்கப் போகாது.

பெயருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கணக்கு வைத்திருந்தாலும் தவறாமல் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஐசக், செல்வினோடு படித்தவன், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜெண்டிடம் குமாஸ்தா. இன்னொருத்தி நபீசா, காயல்பட்டினத்துக்காரி, ஷார்ஜாவில் நர்ஸ், ஐந்து வயது மகனைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். இவனுக்கு ஒத்துவரும் நேரம் அவளுக்கு ஒத்துவராது. கடைசியில் மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் எல்லோருக்கும் பொருந்தியது. அந்த அரை மணி நேரத்தைச் செல்வின் கொற்கையில் ஒரு முழு நாளாக விரித்துக் கொடுத்தான். ஒரு நாள் முழுக்கக் கடலில் திரிந்துவிட்டு, எழுந்து, மிச்சமிருக்கும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

இப்படி நேரத்தை விரிப்பதற்குச் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு இருந்தது. சர்வரும் ஒவ்வொரு முறையும், “விரிவு அளவுக்கு மீறுகிறது, சம்மதமா?” என்று எச்சரிக்கும். சொந்த ராஜ்யத்தில் தன்னையே ஒரு பெட்டி கேள்வி கேட்பதா என்று செல்வினுக்கு ரோஷம் வந்தது. ‘இனிமேல் கேட்காதே’ என்ற கட்டத்தில் டிக் அடித்தான். பெட்டி அதன்பிறகு கேட்கவில்லை. வீட்டிலேயே அவன் சொல்லைக் கேட்ட ஒரே பொருள் அது.

பியூலா மட்டும் கொற்கைக்கு வந்ததே இல்லை. அவள் தொடக்கப் பள்ளி டீச்சர். பள்ளிக்கூடம், வீடு, ஞாயிறு ஆராதனை. ஆராதனை முடிந்து வாசலில் யாராவது, “என்ன பியூலா, விசேஷம் எதுவும் உண்டா?” என்பார்கள். பன்னிரண்டு வருடமாக அதே கேள்வி. அவள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள் செல்வின் அவளைப் பிடித்துக்கொண்டான். “ஒரு தடவை என் ராஜ்யத்த வந்து பாரேன் பியூலா.”

“ராஜ்யத்துல துணி காயப்போட இடம் இருக்கா?”

“கிண்டல் பண்ணாத. நாளைக்கு மத்தியானம் திருவிழா வச்சிருக்கேன். அரை மணி நேரம்தான். உள்ள ஒரு நாளு.”

“அரை மணி நேரத்துக்குள்ள எப்படி ஒரு நாளு அடங்கும்?”

“நீ கனவு கண்டதில்லையா? பத்து நிமிஷம் கண்ணசந்தா ஒரு கல்யாணமே நடந்து முடிஞ்சிரும்லா? அதத்தான் இந்தப் பட்டை செய்யுது. உடம்பு இங்கனயே கட்டில்ல கெடக்கும். மனசு மட்டும் வேகமா ஓடும்.”

“பாதியில எந்திரிச்சு வரணும்னா?”

“விழா முடியாம வர முடியாது. முன்னாடி வெளிய வர ஒரு பொத்தான் வச்சிருந்தேன். சுறாவப் பாத்ததும் ஐசக்கு அத அமுக்கிட்டு ஓடிப்போறான். அதனால எடுத்துட்டேன்.”

பியூலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் சம்மதித்தாள்.

அன்று மாலை புது வருட விழாக்களுக்கெல்லாம் நேரம் போட்டு முடித்த செல்வின், அதில் ஒரு வரியை அப்படியே நகலெடுத்து, தேதியையும் மாதத்தையும் மாற்றி, மறுநாள் திருவிழாவுக்கு வைத்தான். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்ததாக அவனுக்கு ஞாபகம். அவன் சரிபார்த்தது எழுத்துப்பிழையைத்தான்.

மறுநாள் பியூலா சோறு பொங்கி, சீலா மீன் வறுத்து மூடிவைத்துவிட்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். துறைமுகத்தில் ஐசக்கும் ஷார்ஜாவில் நபீசாவும் அதே நேரத்தில் கண்ணை மூடினார்கள். செல்வின் உள்ளே போகவில்லை. ராஜா என்றால் வெளியே இருந்து கண்காணிக்க வேண்டும் அல்லவா? பெட்டியில் மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தன. எல்லாம் ஒழுங்கு. அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டான். மீன் அருமையாக இருந்தது. தன் துண்டைத் தின்றான். பியூலா எழுந்து வர நேரம் இருக்கிறதே என்று அவள் துண்டையும் தின்றான்.

விளக்குகள் அணைந்ததும் பியூலா கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கவில்லை. விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

“இன்னும் அதே சட்டையிலதான் இருக்கீங்க” என்றாள்.

செல்வினுக்குப் புரியவில்லை. “எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?” என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டான். அந்தக் கேள்வியை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். பியூலா சுவரைத் தொட்டாள். தட்டில் கிடந்த முள்ளை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது.

அப்போது ஐசக்கின் ஃபோன் வந்தது. “ஏல செல்வின், இது எந்த வருஷம்ல?”

“என்னல கேள்வி இது?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. எங்க மேனேஜர் எதிர்ல நின்னு ஏதோ கேக்காரு. அவரு பேரு எனக்கு ஞாபகத்துல இல்ல. விழாவ எப்பம் முடியணும்னு போட்ட நீ?”

செல்வின் எச்சில் கையோடு பெட்டியைத் திறந்து பார்த்தான். தொடக்கம் சரி, அங்கே வருடத்தையும் மாற்றியிருந்தான். முடிவில் தேதி சரி, மாதம் சரி. வருடம் மட்டும் நகலெடுத்தபடியே அடுத்த வருடம்.

பெட்டி கீழ்ப்படிதலுள்ளது. ஒரு வருடத் திருவிழா என்றாய், அரை மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்னாய், அடக்கினேன் என்று சும்மா இருந்தது. கேட்காதே என்று சொல்லியிருந்ததால் கேட்கவும் இல்லை.

“ஏல, இருக்கியா?” என்றான் ஐசக். “அங்க கெடந்து உன்னைய நான் ஏசாத ஏச்சில்ல. ஆனா ஆறு மாசத்துக்கு மேல ஏச முடியல. வார்த்த தீந்துபோச்சு.”

செல்வின் திரும்பிப் பார்த்தான். பியூலா அடுக்களையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் கையாலேயே அடுக்கிய அலமாரியில் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் செல்வின் முழுநேரத் தொழிலாக மன்னிப்புக் கேட்டான். பட்டைகளைச் சேகரித்து உடைத்துப் போட்டான். மூவரையும் டாக்டரைப் பார்க்கச் சொன்னான். உடம்பில் ஒரு குறையும் இல்லை, அரை மணி நேரம் படுத்திருந்தவர்களுக்கு என்ன வரப்போகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐசக்குக்குத் துறைமுகத்தில் சரக்குக் குறியீடுகள் எல்லாம் மறந்துபோய், தப்புத் தப்பாகப் பதிந்து, வேலை போயிற்று. மைத்துனனோடு தீராப் பகை என்பதும் சேர்ந்து மறந்திருந்ததால், அவன் வீட்டுக்கே போய்க் காப்பி குடித்துவிட்டு, அவனுடைய ஹார்டுவேர் கடையிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். “பகைய மறக்கதுக்கு ஒரு வருஷம் போதும்ல, இது டாக்டருக்கே தெரியாது” என்றான். அவனிடம் செல்வின் தினமும் மன்னிப்புக் கேட்டதில் ஒருநாள் அவனுக்கே பொறுமை போயிற்று. “ஏல, நீ மன்னிப்புக் கேக்கது உனக்கு நல்லா இருக்கு. எனக்குக் காதுதான் வலிக்கி.”

நபீசா ஒரே ஒருமுறைதான் செல்வினிடம் பேசினாள். “மகனப் போய்க் கட்டிப் புடிச்சேன் அண்ணே. அவன் பயந்துட்டான். ‘காலையிலதான உம்மா போனா, எதுக்கு இப்படி அழுதா?’ன்னு கேட்டான்” என்றாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பியூலாவும் திட்டவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். பிள்ளைகளின் பெயர்களை மறுபடி பழகிக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம், “விடுங்க அத்தான்” என்று வேறு பக்கம் பார்த்தாள். அதைப் பெருந்தன்மை என்று அவன் எடுத்துக்கொண்டான். வீட்டு வேலையில் பாதியைத் தானே செய்தான். அவன் வைத்த சாம்பாரை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டது அவனுக்கு இன்னும் குற்ற உணர்ச்சியைக் கொடுத்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில் இருவரும் கடற்கரைக்கு நடக்கப் போனார்கள். செல்வின் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பினால் பியூலா உட்கார்ந்திருந்த இடத்தில் அவளுடைய செருப்புதான் இருந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் இடுப்பளவு போய்விட்டாள். தயக்கமே இல்லாமல், குளியலறைக்குப் போகிறவளைப் போலப் போனாள். ஓர் அலை எழுந்தது. அவள் கைகளைக் கூப்பி அதற்குள் பாய்ந்தாள். பிறகு கை ஒரு பக்கம் தெரிந்தது, முந்தானை ஒரு பக்கம் தெரிந்தது.

செல்வினுக்கு நீச்சல் தெரியாது. ஓடிப்போய் அவனும் விழுந்தான். காப்பாற்றப் போனவன் கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்து, “யாராவது வாங்க!” என்று கத்தினான். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் வந்து முதலில் பியூலாவையும் பிறகு அவனையும் இழுத்துக் கரையில் போட்டார்கள். “நீச்சல் தெரியாம எதுக்கு அண்ணாச்சி எறங்குதீங்க?” என்று அவனைத்தான் ஏசினார்கள். சுண்டல் கையிலேயே இருந்தது, நன்றாக நனைந்து.

பியூலா இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். பேச வந்ததும், “மறந்தே போச்சு. இந்த உடம்பு படிக்கலலா” என்றாள்.

“எதப் படிக்கல?”

“நீச்சல. முங்குறதுக்கு. அங்க நான் நல்லா முங்குவேன் அத்தான். முத்துச் சிப்பி எடுப்பேன். இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ, கடல்ல கால் நனைச்சதோட சரி. அங்கதான் உள்ள போனேன். அடியில அவ்வளவு அமைதியா இருக்கும்.”

செல்வின் வழக்கம்போல ஆரம்பித்தான். “என் தப்புதான் பியூலா. ஒரு வருஷத்த உங்கிட்ட இருந்து…”

“கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் அவள். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே கடலைப் பார்த்துச் சொன்னாள். “கடலுக்கு அடியில ஒரு மணி கெடந்துச்சு. பித்தள மணி. அதுல எழுதியிருந்துச்சு. ‘செல்வின். சோதனைக்கு. அடித்தால் விழா முடியும்’னு.”

செல்வினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. கொற்கையைக் கட்டிய புதிதில், ஒவ்வொரு விழாவையும் ஓட்டிப் பார்த்துப் பாதியில் நிறுத்துவதற்காக, யார் கண்ணிலும் படாத இடத்தில் அவனே போட்டுவைத்த மணி. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

“எப்பம் பாத்த?”

“நாலாவது மாசம்.”

செல்வின் நனைந்த சுண்டலை மணலில் வைத்தான்.

“அடிக்கலியா?”

“அடுத்த வாரம் அடிப்போம்னு நெனச்சேன். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான் நெனச்சேன். அந்தக் கடைத்தெருவுல மீன்காரி பொம்ம ஒண்ணு உண்டும்லா, நீங்க வச்சது? தினமும் ஒரே கேள்விதான் கேக்கும். ‘மீன் வேணுமாம்மா?’ அதுக்கு மேல ஒண்ணும் கேக்காது. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.”

செல்வின் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். “நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்னா தோணுச்சு?”

“மொத மூணு மாசம் நீங்க வருவீங்க வருவீங்கன்னு கரையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் பாக்க மறந்துட்டேன்.” அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. “உங்கள வெறுத்து இல்ல அத்தான். உங்களுக்கு என்ன, இங்க அரை மணி நேரம், நான் இல்லாம ஒரு வாய் சோறுதானன்னு நெனச்சேன்.”

ஒரு வாய் இல்லை, இரண்டு மீன் துண்டு என்று செல்வினுக்குள் ஒரு குரல் திருத்தம் சொன்னது. அந்தக் குரலை அவன் வெறுத்தான்.

“மத்தவங்களுக்கு?” என்றான்.

“சொல்லல. அதுதான் என்னையத் தூங்க விட மாட்டேங்கு. ஐசக்கு அண்ணனுக்குச் சொன்னாச் சிரிச்சாலும் சிரிப்பாரு. நபீசாவுக்கு நான் சொல்லணும்.”

செல்வின் அவளைத் தடுக்கத்தான் பார்த்தான். எல்லாப் பழியும் தன் மேல் இருக்கிறது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எதற்குப் புதிதாக ஒன்று என்றான். பியூலா கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நபீசாவுக்கு விடுமுறை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் ஃபோனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். செல்வின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா!” என்றாள் நபீசா சந்தோஷமாக. பின்னால் பையன் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

பியூலா சுற்றி வளைக்கவில்லை. மணியைப் பற்றிச் சொன்னாள். எந்த மாதம் என்று சொன்னாள். மன்னித்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை.

எதிர்முனையில் ஒரு கதவு மூடியது, பாட்டு தூரமானது. பிறகு நபீசா கேட்டாள். “எம் மகன் மொகம் மறந்துபோச்சுன்னு ஒருநாள் மணல்ல புரண்டு அழுதேனே, ஞாபகம் இருக்கா அக்கா? நீங்க மடியில போட்டுத் தலையத் தடவிக் குடுத்தீங்க. அன்னைக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“சரி” என்றாள் நபீசா. “வைக்கேன்.”

ஃபோன் அணைந்தது. பியூலா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செல்வினால் சும்மா இருக்க முடியவில்லை. “இது என் தப்புதான் பியூலா. வருஷத்த மாத்தாம விட்டது நானு, அந்த மணியப் போட்டதும் நானு, பொத்தான எடுத்ததும்…”

“அத்தான்.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும். இதையும் நீங்க எடுத்துக்காதீங்க. இது என்னுது.”

ஆறு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய மன்னிப்பு வார்த்தைகள் செல்வினிடம் நிறைய இருந்தன. ஒன்றுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நபீசா அழைக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. அடுத்த பெருநாளன்று நபீசாவிடமிருந்து பியூலாவின் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. புதுச் சட்டை போட்ட ஒரு பையன், முன்பல் ஒன்று விழுந்த வாயோடு, கேமராவுக்கு மிக நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து சிரிக்கிறான். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

பியூலா ஜன்னல் பக்கமாகப் போய் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன பதில் எழுதலாம் என்று செல்வினுக்கு ஏழெட்டு வாக்கியங்கள் தோன்றின, எல்லாமே மிக நல்ல வாக்கியங்கள். அவன் எழுந்துபோய் அவளுக்கு ஒரு நாற்காலியை மட்டும் எடுத்து வந்து போட்டான்.